வேலியோரம் நிற்கும் பிள்ளை

மார்ச்சு மாதம் வந்துவிட்டால் யாழ்ப்பாண நகரம் தனிக் கோலம் பூணுகின்றது. மத்திய கல்லூரி மைதானத்தைச் சுற்றிக் கொடிகள் பறக்கின்றன, வாத்தியங்கள் முழங்குகின்றன, கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்து குவிகின்றனர். பரியோவான் கல்லூரியும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் 1904ஆம் ஆண்டில் ஆடத் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியை ‘வடக்கின் பெரும் போர்’ என்று நாம் பெருமையோடு அழைக்கின்றோம். உண்மையான போர் மூண்ட காலத்தில் சில ஆண்டுகள் தடைப்பட்ட இந்த விளையாட்டுப் போர், மீண்டும் தழைத்து இன்று நூறாண்டைக் கடந்து நிற்கின்றது.

அண்மைக் காலத்தில் இப்பெருமைக்கு மேலும் சில சேர்ந்துள்ளன. மத்திய கல்லூரியில் ஆடிப் பழகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் என்னும் சுழற்பந்து வீச்சாளர் 2020இல் லங்கா பிரீமியர் லீக் ஆட்டங்களில் இறங்கினார். 2024 மே மாதத்தில் இந்தியன் பிரீமியர் லீக்கில் ஐதராபாத் அணிக்காகப் பந்து வீசினார். 2025 செப்டம்பர் 1ஆந் தேதி மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட அரங்கொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இவை யாவும் மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும் நாம் இன்று எழுத முற்பட்டது பெரிய மைதானங்களைப் பற்றியன்று. சனசமூக நிலையத்துக்குப் பின்னால் உள்ள வெளி, கோயில் வீதிக்கு அப்பாலுள்ள தரிசு நிலம், அறுவடை முடிந்த வயல், பனங்கூடலை ஒட்டிய மணற்றரை ஆகியவற்றில் மாலை நான்கு மணிக்குக் கூடுகின்ற சிறுவர் ஆட்டத்தைப் பற்றியே எழுதுகின்றோம். அந்த ஆட்டத்தில் மட்டை பிடிப்பவரைப் பற்றியுமன்று. வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பற்றி.

அந்தப் பிள்ளை யார்? சில ஊர்களில் அது ஒரு பெண் பிள்ளை. தமையனின் சைக்கிளைக் காவல் காத்து நிற்கின்றாள். சில ஊர்களில் காலில் ஊனமுள்ள சிறுவன். வேறு சில ஊர்களில் அண்மையில் வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை. பெயர் இன்னும் எவருக்கும் தெரியாது. உடல் பருத்தவன் என்று கேலிக்கு ஆளானவன், கண்ணாடி அணிந்தவன், காலணி இல்லாதவன், ஓட்டத்தில் மெலிந்தவன் என்று இந்த வரிசை நீளும். “தம்பி, நீ கொஞ்சம் நில்லு, அடுத்த முறை பாப்பம்” என்று அவனுக்குச் சொல்லப்படுகின்றது. அடுத்த முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகின்றது. மறுநாளும் அதே சொல். சில வாரங்கள் கழிந்தபின் அவன் வருவதை நிறுத்திவிடுகின்றான். அவன் வராததை யாரும் கவனிப்பதுமில்லை.

பெற்றோர்களே, இது சிறிய விடயம் அன்று. ‘ஊர்’ என்பது தன்னைச் சேர்த்துக்கொள்கின்ற ஒன்றா, ஒதுக்கிவைக்கின்ற ஒன்றா என்பதை ஒரு பிள்ளை முதன்முதலாக அறிந்துகொள்ளும் இடம் விளையாட்டுத் திடலே ஆகும். அங்கே கற்ற பாடம் அப்பிள்ளையின் உள்ளத்தில் நெடுங்காலம் நின்றுவிடும்.

ஒரு சொல்லில் உள்ள செய்தி

நம் மொழியில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்றொரு வழக்கு உண்டு. சிறுவர் ஆட்டத்தில், அழுகின்ற ஒரு பிள்ளையைச் சமாதானப்படுத்துவதற்காகப் பெயரளவில் சேர்த்துக்கொள்வதையே அது குறிக்கின்றது. அப்பிள்ளை ஓடலாம், சத்தமிடலாம். ஆனால் அவன் பிடித்த பந்து கணக்கில் சேராது. அவன் ஆட்டமிழந்தாலும் ஆட்டமிழந்ததாகாது. நடக்க இயலாதவனைக் குறிக்கும் பழஞ்சொல்லே இந்த வழக்கில் அமர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. உடற்குறையுள்ளவன் கணக்கில் வராதவன் என்ற எண்ணம் மொழிக்குள்ளேயே குடிகொண்டுவிட்டது.

இன்று பல திடல்களில் நல்லெண்ணம் கொண்ட பெரியவர்கள் செய்வதும் இதுவே. “எல்லாப் பிள்ளைகளும் வரலாம்” என்று அறிவிக்கின்றார்கள். பிள்ளைகள் வருகின்றார்கள். இருபது பேர் வந்தால் ஆறு பேர் மட்டை பிடிக்கின்றார்கள். நான்கு பேர் பந்து வீசுகின்றார்கள். எஞ்சிய பத்துப் பேர் வேலிக்கு வெளியே விழும் பந்தைப் பொறுக்கி வருகின்றார்கள். அழைப்பு எல்லாருக்கும் உண்டு. முறை எல்லாருக்கும் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு இலை போடாமல் விடுவது விருந்தாகுமா?

ஆகவே நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு பிள்ளையின் ஓட்டமும் பந்தும் பிழையும் மற்றப் பிள்ளைகளுடையவை போலவே கணக்கில் ஏறும்போதுதான் அப்பிள்ளை வரவேற்கப்பட்டதாகும். அது தானாக நிகழாது. அதற்கு விதி வேண்டும். அவ்விதியை நடத்தி வைக்க ஒரு தொண்டர் வேண்டும்.

வரலாறு தரும் பாடம்

சேர்த்துக்கொள்ளுதல் என்பது யாழ்ப்பாணத்தவருக்குப் புதிய வழக்கு அன்று. எளிதாகத் தீர்ந்த வழக்கும் அன்று. ஒரு காலத்தில் நம் பாடசாலைகளிலே ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் வாங்கில் அமர முடியாமல் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கத்தில், ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் குரல் கொடுத்தார்கள். அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமென்று விதிக்கப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சில பாடசாலைக் கொட்டகைகள் தீக்கிரையாகவும் செய்தன. பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல், 21ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. பிள்ளைகளைப் பாடசாலைக்குள் விட்டது முதற்படி. வாங்கில் இடம் கொடுத்தது இரண்டாம் படி. முதற்படியோடு நின்றுவிடாமல் இரண்டாவதற்காகவும் போராட வேண்டியிருந்தது. விளையாட்டுத் திடலின் நிலையும் இதுவே. திடலுக்குள் விடுவது முதற்படி. மட்டையைக் கையில் கொடுப்பது இரண்டாவது. திடல் ஒரு தெருவினருக்கு உரியது, கழகம் ஒரு பகுதியினருக்கு உரியது என்ற எண்ணம் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், அதைப் பெரியவர்களின் தீர்மானங்கள் மட்டும் மாற்றிவிட மாட்டா. இரு தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் சோடியாக நின்று ஓட்டம் எடுக்கும் மாலைப் பொழுதுகளே மாற்றும்.

போர் வேறு வேலிகளையும் எழுப்பிச் சென்றுள்ளது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நெடுங்காலத்தின் பின் ஒரு பகுதியினர் சோனகதெருவுக்கும் அயலுக்கும் மீண்டுள்ளார்கள். அதே ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் பல்லாண்டுகள் கழித்துச் சொந்த நிலத்துக்குத் திரும்பியுள்ளன. இவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தம் சொந்த ஊரிலேயே புதியவர்களாக நிற்கின்றார்கள். அவர்களுக்கு ஊரை அறிமுகப்படுத்துவதற்கு ஒரு பந்தைவிடச் சிறந்த தூதுவன் யார்?

2012இல் முத்தையா முரளிதரனின் பெயரால், சீனிகமவை மையமாகக் கொண்ட நற்பணி நிறுவனமொன்று வடமாகாணத்தில் நல்லிணக்கக் கிண்ணத் துடுப்பாட்டத்தை நடத்தியது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பாடசாலை அணிகள் வந்து, யாழ்ப்பாணம் உள்ளிட்ட வடபுலத்து நகரங்களில் ஆடின. அத்தகைய பெருவிழாக்கள் ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடும். நாம் வேண்டுவது வாரந்தோறும் நடைபெறும் சிறுவிழா.

பந்தும் தூரமும்

இனி, செய்யத்தக்கது என்ன என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, கருவி. வளர்ந்தவர்கள் ஆடும் கடினப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. 13 வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம் வரையுள்ள சிறிய பந்தையே துடுப்பாட்ட விதிகள் கூறுகின்றன. ரெனிஸ் பந்தோ ஏறத்தாழ 56 முதல் 59 கிராம் வரையே. எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலிற் கடினப் பந்தைக் காட்டுவது, நீந்தத் தெரியாதவனைக் கீரிமலைக் கடலில் இறக்குவது போலாகும். ஒரு முறை விரலில் பட்டால் அச்சம் உள்ளே குடியேறிவிடும்; பிறகு அப்பிள்ளை பந்தைக் கண்டு விலகுமேயன்றி அணுகாது. மென்பந்துத் துடுப்பாட்டம் நம் கிராமங்களில் முன்பே வேரூன்றியிருப்பது நமக்கு வாய்த்த நற்பேறு. அதற்குக் காலணியோ கையுறையோ காற்காப்போ வேண்டியதில்லை. ஆகவே காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே வேறுபாடு இல்லை.

இரண்டாவது, தூரம். விக்கெற்றுகளுக்கு இடையே 66 அடி என்பது வளர்ந்தவர்களுக்கு வகுத்த அளவு. அவ்வளவு தூரத்துக்குச் சிறு பிள்ளை வீசும் பந்து இரண்டு மூன்று முறை தரையில் குத்தி உருண்டு சேரும். அல்லது எங்கோ பறந்து போகும். வீசுபவனுக்கும் வெட்கம், எதிர்கொள்பவனுக்கும் சலிப்பு. அவுஸ்திரேலியாவில் தொடக்க நிலைச் சிறுவர்க்கு அத்தூரத்தை 16 மீற்றராகக் குறைத்து, அணிக்கு ஏழு பேர் என்று வகுத்துள்ளார்கள். நம் திடலில் ஐம்பது அடி என்று வைத்துக்கொள்ளலாம். எல்லைக்கோட்டையும் அதற்கேற்பச் சுருக்கிவிட்டால், மெலிந்த கைகளும் ஒரு நான்கு ஓட்டம் அடிக்கக்கூடும். தன் வாழ்நாளின் முதல் நான்கு ஓட்டத்தை அடித்த பிள்ளை மறுவாரம் வராதிருக்குமா?

சோடி ஆட்டம்

மூன்றாவதும் முதன்மையானதும் ஆட்ட முறை. வழக்கமான ஆட்டத்தில் முதற்பந்திலேயே ஆட்டமிழந்த பிள்ளை வெளியேறி, மர நிழலில் உட்கார்ந்துவிடுகின்றது. வல்லவன் நெடுநேரம் ஆடுகின்றான். பழக வேண்டியவன் நெடுநேரம் இருக்கின்றான். எவனுக்குப் பயிற்சி மிகுதியும் தேவையோ அவனுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கின்றது. இத்தலைகீழ் நிலையை நீக்குவதற்குப் பல நாடுகளிலும் சிறுவர்க்கென்று சோடி ஆட்டம் என்னும் முறை வழங்கி வருகின்றது. அதை நம் ஊருக்கு ஏற்றவாறு இங்கே விளக்குவோம்.

பதினாறு பிள்ளைகள் வந்திருக்கின்றார்கள் என்று கொள்வோம். அணிக்கு எட்டுப் பேர். ஓர் அணியில் நான்கு சோடிகள். ஒவ்வொரு சோடியும் இரண்டு ஓவர், அதாவது பன்னிரண்டு பந்து ஆடும். ஆட்டமிழந்தாலும் வெளியேற வேண்டியதில்லை. அணியின் எண்ணிக்கையில் ஐந்து ஓட்டம் குறையும், சோடியில் மற்றவர் அடுத்த பந்தை எதிர்கொள்வார். எதிரணியின் எட்டுப் பேரும் ஆளுக்கு ஓர் ஓவர் வீசுவார்கள். விக்கெற் காப்பவரும் தம் முறைக்கு வீசலாம். எட்டு ஓவரில் ஓர் அணியின் ஆட்டம் முடியும். தொடக்கத்திலேயே ஒவ்வோர் அணிக்கும் 100 ஓட்டம் கொடுத்துவிட வேண்டும். ஓர் அணி 38 ஓட்டம் எடுத்து நான்கு முறை ஆட்டமிழந்தால், 138இல் 20 குறைந்து 118 ஆகும். அகலப் பந்து வீசினால் எதிரணிக்கு இரண்டு ஓட்டம். மறுபடியும் வீச வேண்டியதில்லை. இல்லையேல், பழகாத பிள்ளையின் ஓவர் முடிவதற்குள் இருட்டிவிடும், அவனும் அழுதுவிடுவான். சோடியில் ஒருவருக்குப் பந்துகள் குறைவாகக் கிடைத்தால் நடுவர் இருவரையும் இடம் மாற்றிவிடலாம்.

இம்முறையில் ஒரு மணி நேரத்துக்குள் இரு அணிகளும் ஆடி முடிக்கும். பதினாறு பேரும் மட்டை பிடித்திருப்பார்கள். பதினாறு பேரும் பந்து வீசியிருப்பார்கள். வல்ல பிள்ளையை வல்லமை குறைந்த பிள்ளையோடு சோடி சேர்த்தால் மற்றொரு நன்மையும் விளையும். தன் சோடியின் விக்கெற் போனால் தன் அணிக்கும் ஐந்து ஓட்டம் போகுமாதலின், வல்லவன் மற்றவனைக் கேலி செய்வதை விட்டுச் சொல்லிக் கொடுக்கத் தொடங்குவான். நூறு அறிவுரைகள் செய்யாததை இந்த ஒரு விதி செய்துவிடும்.

பெண் பிள்ளைகளும் திடலும்

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. “பெண் பிள்ளைக்குத் துடுப்பாட்டம் எதற்கு?” என்று கேட்கும் குரல் நம்மிடையே முற்றாக அடங்கவில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கை வெற்றி பெற்றபோது ஊரே திரண்டு வரவேற்றது. உதைபந்துக்குப் பொருந்துவது துடுப்பாட்டத்துக்குப் பொருந்தாதா?

ஆனால் வெறும் வாதத்தினால் பெண் பிள்ளைகள் திடலுக்கு வந்துவிட மாட்டார்கள். அவர்களைத் தடுப்பவை பெரும்பாலும் சின்னஞ்சிறு காரியங்கள். பக்கத்தில் பூட்டுப் போட்டு அடைக்கக்கூடிய மலசலகூடம் இல்லை, தண்ணீர் இல்லை, இருட்டுமுன் வீட்டுக்குக் கூட்டிச்செல்ல ஆளில்லை, திடலைச் சுற்றி நின்று பகடி பண்ணும் இளைஞர் கூட்டத்தை விலக்கப் பெரியவர் இல்லை, திடலில் ஒரு பெண் முகமும் இல்லை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. சனசமூக நிலையத்தின் திறப்பு அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரு தாயின் கையில் இருக்கட்டும். ஆட்டம் ஐந்தரை மணிக்கு முடியட்டும். ஒரே தெருவைச் சேர்ந்த பிள்ளைகள் கூட்டமாகத் திரும்பட்டும். தொண்டர்களில் பெண்களும் இருக்கட்டும். உடை எதுவாயினும், ஓடுவதற்கு வசதியானதே சீருடை என்று வைத்துக்கொள்வோம். பருவமடைந்ததும் பிள்ளையைத் திடலிலிருந்து நிறுத்திவிடும் வழக்கத்தைத் தாய்மார் ஒருவரோடொருவர் பேசித்தான் மாற்ற முடியும். அப்பேச்சுக்கும் அந்தத் திடலின் ஓரமே நல்ல இடமாகும்.

தமிழ் நாட்டிலிருந்து ஓர் உதாரணம் காட்டுவோம். 2019 மே மாதத்தில் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் தெருவோரச் சிறுவர்க்கான உலகக் கிண்ணத் துடுப்பாட்டம் நிறைவெய்தியது. ஆணும் பெண்ணும் கலந்த அணிகளே அதில் ஆட வேண்டும் என்பது விதி. சென்னை, மும்பை நகரங்களின் பிள்ளைகள் சேர்ந்த தென்னிந்திய அணி, இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அணியை வென்று கிண்ணத்தைக் கொண்டது. 2023இல் அதே போட்டி சென்னையிலேயே நடந்தது. நடைபாதையில் வளர்ந்த பிள்ளைகளை லோர்ட்ஸ் வரை கொண்டுசென்றது அவர்களின் திறமை மட்டுமன்று; ‘நீயும் ஆடு’ என்று முதலில் சொன்ன தொண்டர்களின் பொறுமையுமாகும்.

பார்வையும் கால்களும்

விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குத் துடுப்பாட்டம் இயலாது என்பது அறியாமை. 1922ஆம் ஆண்டில் மெல்போர்ணில் பார்வையற்ற தொழிலாளர் இருவர் ஒரு தகரப் பேணிக்குள் கற்களை இட்டு, அந்த ஒலியைக் கேட்டு ஆடத் தொடங்கினார்கள். இன்று பார்வையற்றோர் துடுப்பாட்டத்துக்கு உலகக் கிண்ணமே உண்டு. இலங்கை அணியும் அதில் ஆடி வருகின்றது. பந்துக்குள்ளே குண்டுமணிகள் ஒலிக்கும், பந்தைக் கை தாழ்த்தித் தரையோடு வீசுவார்கள், வீசுமுன் “ஆயத்தமா?” என்று கேட்பார்கள். பதினொருவரில் குறைந்தது நால்வர் முற்றிலும் பார்வையற்றோராய் இருத்தல் வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். பாருங்கள், அங்கேயும் இரக்கத்தை நம்பி விடாமல் விதியே பிள்ளைக்கு இடம் வகுத்துக் கொடுக்கின்றது.

நம் குடாநாட்டிலே கைதடி நூபீல்ட் பாடசாலை 1956 முதல் செவிப்புலனும் விழிப்புலனும் குறைந்த பிள்ளைகளுக்குக் கல்வி அளித்து வருகின்றது. சுன்னாகத்தில் வாழ்வகம் விழிப்புலன் இழந்தோரைப் பேணுகின்றது. கண்ணிவெடியாலும் எறிகணையாலும் கால் இழந்தோருக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கவைத்த ஜெய்ப்பூர் நிலையத்தின் பணியை நாம் அறிவோம். இத்தகைய நிலையங்களின் ஆசிரியர்களிடம் ஒரு மாலை சென்று, ‘எங்கள் ஊர்த் திடலில் இன்ன பிள்ளை ஆட என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டால் அவர்கள் வழி காட்டுவார்கள். செவி கேளாத பிள்ளைக்கு நடுவர் வாயினால் சொல்வதைக் கையினாலும் காட்ட வேண்டும். நடுவரின் சைகைகளோ முன்பே கைமொழியாக அமைந்தவை. ஓட இயலாத பிள்ளைக்கு மற்றொருவர் ஓடட்டும். ஆனால் ஓட்டம் அடித்தவன் பெயரிலேயே எழுதப்படட்டும். அவன் ஆட்டமிழந்தாலும் ஐந்து ஓட்டம் குறைக்கப்படட்டும். அந்தக் குறைப்பிலும் ஒரு மரியாதை உண்டு. அவன் ஒப்புக்குச் சப்பாணி அல்லன் என்பதற்கு அதுவே சாட்சி.

தொண்டர் செய்யும் வேலை

இத்தனைக்கும் பெரிய பயிற்றுநர் வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் அண்ணன்மார் அக்காமார், மாதர் சங்கத்தின் ஓர் உறுப்பினர், விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் மாமா என்று ஊருக்கு நான்கைந்து பேர் போதும். ஒருவர் நடுவர், ஒருவர் கணக்கு எழுதுபவர், ஒருவர் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் பார்ப்பவர். எல்லாரினும் முதன்மையானவர் நான்காமவர்: படலையடியில் நிற்பவர். வரும் பிள்ளையின் பெயரைக் கேட்டு இடாப்பிலே பதிவதும், புதிய பிள்ளைக்கு ஒரு சோடியைக் காட்டிவிடுவதும் அவர் வேலை. இரண்டு வாரம் ஒரு பிள்ளை வரவில்லை என்று இடாப்புச் சொன்னால், அவர் அவ்வீட்டுப் படலையைத் தட்டி, “பிள்ளையைக் காணேல்லை, சுகமோ?” என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி, திடலில் ஒரு புது மட்டையைவிடப் பெறுமதியானது.

பிள்ளைகளின் பாதுகாப்பிலும் கண்டிப்பு வேண்டும். பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். எப்போதும் இரண்டு பெரியவர்களேனும் ஒருவரையொருவர் காணும் தூரத்தில் நிற்கட்டும். எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துச் செல்லுதல் கூடாது. கையோங்குதலும் வசைமொழியும் திடலுக்குள் வரலாகாது. பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததாக ஐயம் தோன்றின், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம் என்பதைத் தொண்டர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் நான்கரை மணிக்கு முன் தொடங்குவது நல்லதன்று. அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் தாழ்ந்த வெளிகளில் வெள்ளம் நிற்கும். தையில் நிலம் காய்ந்ததும் ஒரு சிரமதானத்தோடு திடலைத் துப்புரவாக்கிப் புதிய ஆண்டைத் தொடங்கலாம். அந்தச் சிரமதானத்துக்கு ஒதுங்கி நிற்கும் வீடுகளையும் அழைத்தால், பிள்ளைகள் சேருமுன் பெற்றோர் சேர்ந்துவிடுவர்.

இரண்டு ஆட்சேபங்கள்

“எல்லாருக்கும் முறை கொடுத்தால் திறமைசாலி கெட்டுவிடுவானே” என்று சிலர் கவலைப்படுவர். அக்கவலைக்கு இடமில்லை. திறமைசாலிக்குப் பாடசாலை அணி உண்டு, கழகம் உண்டு, மாவட்டத் தெரிவு உண்டு. சிறுவர் திடலின் நோக்கம் தெரிவு செய்வதன்று. அன்றியும் எட்டு வயதில் எவன் திறமைசாலி என்று யாரால் அறுதியிட்டுக் கூற முடியும்? உயரமாய் வளர்ந்துவிட்டவனைத் திறமைசாலி என்றும், பிந்தி வளர்பவனை மந்தன் என்றும் நாம் கணித்துவிடுகின்றோம். வேலியோரத்தில் நின்றே சலித்துப் போன பிள்ளைகளுள் எத்தனை சுழற்பந்து வீச்சாளர் இருந்தார்களோ? அடி அகலமாயின் கோபுரமும் உயரும் என்பதைக் கோயில் கட்டிய நம் முன்னோர் அறிவர்.

“படிப்புக் கெட்டுவிடும்” என்பது மற்றோர் ஆட்சேபம். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, அது விட்டதும் மற்றொரு வகுப்பு என்று நம் பிள்ளைகள் மணிக்கூட்டு முள்ளோடு ஓடுகின்றார்கள். விளையாடும் உரிமையைப் பிள்ளைகளின் உரிமைகளுள் ஒன்றாக 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை வகுத்துள்ளது. இலங்கை 1991இல் அதனை ஏற்றுக்கொண்டது. வாரத்துக்கு ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம் என்பது அந்த உரிமையில் மிகச் சிறு பங்கே. வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் அந்த ஒரு மாலையை விட்டுக்கொடுக்க ஊர் கேட்டுக்கொண்டால், மறுப்பவர் சிலரே இருப்பர் என்று நம்புகின்றோம்.

முதல் நாள்

பெரிய நிதி வேண்டும், பெரிய கட்டடம் வேண்டும் என்று காத்திருப்பது வேண்டாம். இரண்டு மட்டை, நான்கு ரெனிஸ் பந்து, ஆறு தடி, ஒரு கொப்பி, ஒரு குடம் தண்ணீர் ஆகியவையே முதல் நாளுக்குப் போதுமானவை. மட்டை வாங்க இயலாத ஊரில் பனை மட்டையைச் சீவிக்கொள்ளலாம். நம் பாட்டன்மார் அதிற்றான் ஆடினார்கள். கொப்பியின் முதற்பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று கட்டங்கள் கீறுங்கள்: மட்டை பிடித்தது, பந்து வீசியது, பெயர் சொல்லி அழைக்கப்பட்டது. மாலை முடிவில் எந்தக் கட்டமேனும் வெறுமையாக இருக்குமாயின், அன்றைய ஆட்டத்தில் யார் வென்றிருந்தாலும் ஊர் தோற்றுவிட்டது என்று அறிந்து, மறுவாரம் அப்பிள்ளையோடு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

மண்டைதீவில் அரங்கு எழும்போது எழட்டும். அதை நாமும் ஆவலோடு எதிர்பார்க்கின்றோம். அதற்கு முன்பே, வருகின்ற சனிக்கிழமை மாலை உங்கள் ஊர்த் திடலுக்கு ஒரு முறை நடந்து பாருங்கள். ஆடுகின்ற பிள்ளைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் வேலியோரத்தையும் பாருங்கள். அங்கே ஒரு பிள்ளை நின்றால் அதன் பெயரைக் கேளுங்கள். தொண்டு அந்தக் கேள்வியோடு தொடங்கிவிடும்.